சான்றிதழ் ஒரு கையில், சுத்தியல் இன்னொரு கையில்

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு ஹார்ட்வேர் கடையில் கணக்கு எழுதுவதுதான் என் பிழைப்பு. ஆணி, சிமென்ட், பெயிண்ட், பைப், கூரைத் தகடு, எது கேட்டாலும் இருக்கும். கல்லாவுக்குக் கீழே ஒரு நீளமான கடன் புத்தகமும் இருக்கும். இந்த வட்டாரத்தில் அரசாங்கப் பழுதுபார்ப்பு வேலை யாருக்குக் கிடைத்தது என்று தெரிந்துகொள்ள அலுவலக அறிவிப்புப் பலகையைப் பார்த்தால் போதும், அந்த வேலையை உண்மையில் யார் செய்கிறார் என்பது எங்கள் கடன் புத்தகத்தில்தான் தெரியும். இரண்டிலும் ஒரே பெயர் இருந்த வேலைகளை என் விரல்களிலேயே எண்ணிவிடுவேன்.

போன மழைக்காலத்தில் இங்கே ஒரு தமிழ்ப்பள்ளியின் கூரைப் பீலி மாற்றப்பட்டது. கூரை விளிம்பில் மழைத்தண்ணீரை ஏந்திக் கீழே இறக்குமே, அந்தத் தகரப் பீலி. மாற்றி மூன்று மாதத்தில் இரண்டு இடத்தில் மூட்டு விட்டு, வகுப்பறை வாசலில் அருவி மாதிரி கொட்டியது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "நம்ம ஊர்லயே இவ்வளவு பேர் இந்த வேலை செய்றாங்க, அவங்ககிட்ட குடுத்திருக்கலாமே" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, ஏனென்றால் வேலையைச் செய்தது நம்ம ஊர் ஆள்தான். கேட்டவரின் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி இருக்கிறார். அவருடைய பெயர் மட்டும் எந்தக் காகிதத்திலும் இல்லை.

இது எப்படி நடக்கிறது என்று பலருக்கும் தெரியாது. தெரியாமலே இன அரசியல் பேசிச் சண்டை போட்டுக்கொள்கிறோம். அதனால் கொஞ்சம் அடியிலிருந்து வருகிறேன்.

மலேசியாவில் கட்டட வேலை செய்ய யாராக இருந்தாலும் சிஐடிபி என்கிற கட்டுமானத் தொழில் வாரியத்தில் பதிய வேண்டும். 1994ஆம் ஆண்டின் 520ஆவது சட்டம் கொண்டுவந்த வாரியம் அது. குத்தகையாளர்களை ஜி1 முதல் ஜி7 வரை ஏழு படியாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஜி7க்கு உச்சவரம்பு கிடையாது, கோபுரமே கட்டலாம். அடிப்படி ஜி1. பல காலமாக அவர்களுக்கு 2 லட்சம் வெள்ளி (ரிங்கிட்) வரையிலான வேலை என்பதே கணக்கு. மூலதனமாக 5,000 வெள்ளி காட்டினால் போதும். பதிவானவர்களில் மிகப் பெரிய கூட்டமும் இந்த ஜி1 கூட்டம்தான்.

ஆனால் சிஐடிபி பதிவு மட்டும் இருந்தால் தனியார் வேலைதான் எடுக்கலாம். அரசாங்க வேலைக்கு 'எஸ்பிகேகே' என்கிற அரசு வேலைக் கொள்முதல் சான்றிதழ் தனியாக வேண்டும். அதற்கும் மேலே, பூமிபுத்ராக்களுக்கென்று, அதாவது மலாய்க்காரர்களுக்கும் பூர்வகுடியினருக்கும், ஒதுக்கப்பட்ட வேலைக்கு 'எஸ்டிபி' என்கிற பூமிபுத்ரா தகுதிச் சான்றிதழ். இதைக் கொடுப்பது பொதுப்பணி அமைச்சின் ஒரு பிரிவு. ஆக மூன்று காகிதம். கடைக்கு வருகிற ஒரு பக்சிக், மலாய்க்காரப் பெரியவர், இந்த மூன்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியிலேயே வைத்திருப்பார். "மனைவியை மறந்தாலும் இதை மறக்க மாட்டேன்" என்று மலாயில் சொல்லிச் சிரிப்பார்.

வேலையைக் கொடுக்கும் முறையும் தொகைக்குத் தகுந்தாற்போல் மாறும். சில ஆயிரத்தில் முடிகிற வேலை என்றால் அலுவலகமே ஒருவரைக் கூப்பிட்டு நேரடியாகக் கொடுத்துவிடும். கொஞ்சம் பெரிதானால் குலுக்கல். இன்னும் பெரிதானால் பலரிடம் விலை கேட்டு வாங்குவது, அதுதான் செபுட் ஹர்கா. அதற்கும் மேலே போனால் டெண்டர். 5 லட்சம் வெள்ளியைத் தாண்டினால் டெண்டர் என்பது பல ஆண்டுகள் நடந்த கணக்கு. இந்த எல்லைகளை நிதி அமைச்சு சுற்றறிக்கை விட்டு அவ்வப்போது நகர்த்தும், எனவே இன்றைய தொகை வேண்டுமென்றால் அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது நடுவில் இருக்கிற குலுக்கலைப் பற்றி.

மலாயில் அதற்கு உண்டி என்று பெயர். ஓட்டுக்கும் அதே சொல்தான், இரண்டுக்கும் கூட்டம் சேரும். ஒரு தடவை அந்த பக்சிக்கோடு நானும் போயிருந்தேன். காலை எட்டு மணிக்கே மண்டபம் நிரம்பிவிட்டது. எல்லார் கையிலும் அந்தப் பிளாஸ்டிக் உறை. அடையாள அட்டையையும் அசல் சான்றிதழையும் சரிபார்த்து ஆளுக்கு ஒரு எண் கொடுத்தார்கள். பெட்டிக்குள் எண் எழுதிய பிங்பாங் பந்துகள். ஒவ்வொரு வேலையின் பெயரையும் வாசித்து, ஒரு பந்தை எடுத்து, எண்ணைச் சொன்னார்கள். சாக்கடை மூடி, கிளினிக் சுவருக்குப் பெயிண்ட், குவார்ட்டர்ஸ் வீட்டுக் கழிவறை, பாலர் பள்ளி வேலி. பதினைந்து வேலைக்கு நூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். என் பக்சிக்குக்கு அன்றும் விழவில்லை. அதற்கு முன்னால் ஆறு முறை போய் ஒருமுறைதான் விழுந்திருந்தது. வெளியே வந்து தே தாரிக் குடித்துவிட்டு, ரம்புத்தான் பழம் விற்கப் போய்விட்டார்.

ஏன் குலுக்கல், யார் குறைவாகக் கேட்கிறாரோ அவருக்கே கொடுக்கலாமே என்று கேட்கலாம். இந்த வேலைகளுக்கு விலையை முன்கூட்டியே பொதுப்பணி இலாகாவின் விலைப் பட்டியல் நிர்ணயித்துவிடும். ஒரு சதுர மீட்டர் சுவர் பூசினால் இவ்வளவு, ஒரு மீட்டர் பைப் போட்டால் இவ்வளவு. விலை எல்லாருக்கும் ஒன்றென்றால் போட்டிக்கு என்ன இருக்கிறது, அதிர்ஷ்டத்தைத் தவிர? ஒரு விதத்தில் இது நல்ல ஏற்பாடு. சின்ன ஆட்கள் ஒருவரை ஒருவர் விலை குறைத்துச் சாகடித்துக்கொள்ள மாட்டார்கள், அதிகாரிக்கும் தன் ஆளுக்குச் சாய்க்க இடம் குறைவு. கெட்டதும் இதிலேயே இருக்கிறது. பந்துக்கு யார் நன்றாக வேலை செய்வார் என்று தெரியாது, போன தடவை சொதப்பியவர் யார் என்றும் தெரியாது. பட்டியல் விலையும் சந்தை விலையும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. நோய்த்தொற்றுக் காலத்துக்குப் பிறகு இரும்பு, தகடு எல்லாம் ஏறியபோது எங்கள் கடையில் விலைச்சீட்டை மாற்றி மாற்றி ஒட்டியே கை வலித்தது, பட்டியல் அதே இடத்தில் நின்றது.

சரி, இந்தக் குலுக்கல் வேலைகளைப் பூமிபுத்ராக்களுக்கு ஒதுக்குவது எங்கிருந்து வந்தது? 1969 கலவரத்துக்குப் பிறகு 1971இல் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. 1990க்குள் பூமிபுத்ராக்களின் பங்குடைமை 30 விழுக்காட்டை எட்ட வேண்டும் என்பது இலக்கு. வியாபாரத்தில் இல்லாதவர்களை வியாபாரத்துக்குள் கொண்டுவர, அரசாங்கத்தின் கையில் இருந்த எளிய ஆயுதம் அதன் சொந்தச் செலவுதான். சாலையும் பள்ளியும் எப்படியும் கட்டியாக வேண்டும், அந்தப் பணம் யார் வழியாகப் போகிறது என்பதை அரசாங்கமே முடிவு செய்யலாம். குத்தகையாளர்களை முன்பு ஏ முதல் எஃப் வரை வகுப்பாகப் பிரித்திருந்தார்கள். கடைசி வகுப்பான எஃப் முழுக்க முழுக்க பூமிபுத்ராக்களுக்கு. 2012 வாக்கில் பழைய பதிவு முறை சிஐடிபியோடு இணைந்து எழுத்துகள் எண்களாயின, எஃப் ஜி1 ஆனது. வயதானவர்கள் இன்னும் "கிளாஸ் எஃப்" என்றுதான் சொல்கிறார்கள்.

நம் ஆட்களில் பலர் இது அரசியல் சட்டத்தின் 153ஆவது பிரிவில் எழுதியிருக்கிறது என்று நினைக்கிறார்கள். அந்தப் பிரிவு பேசுவது அரசாங்க உத்தியோகம், கல்வி உதவி, வியாபார பெர்மிட், லைசென்ஸ் இவற்றைப் பற்றி. பழுதுபார்ப்புக் குத்தகையை ஒதுக்குவது நிதி அமைச்சின் சுற்றறிக்கைகள். இது சட்டக்காரர்களின் நுணுக்கம் மட்டும் இல்லை. சுற்றறிக்கையை மாற்ற நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டியதில்லை. எல்லைகளும் சதவீதங்களும் இத்தனை தடவை மாறியிருப்பதே அதற்குச் சாட்சி.

இங்கே எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக முடியாது. சுங்கை சிப்புட் தொகுதி பொதுப்பணி அமைச்சர்களைக் கொடுத்த தொகுதி. துன் சம்பந்தன் இங்கே நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். 1959க்குப் பிறகு பல ஆண்டுகள் பொதுப்பணியும் அஞ்சலும் தொலைத்தொடர்பும் அவர் கையில். அவருக்குப் பின் 1974 முதல் 2008 வரை சாமிவேலு. அவர் 1979 முதல் 1989 வரையும், மறுபடி 1995 முதல் 2008 வரையும் பொதுப்பணி அமைச்சர். ரப்பர் மரத்துக்கு நடுவில் இருக்கிற ஒரு சின்ன ஊர், நாட்டின் ரோட்டையும் பாலத்தையும் பார்த்துக்கொள்ளும் நாற்காலியை இத்தனை காலம் வைத்திருந்தது. ஆனால் ஊரில் உருவான தமிழ்க் குத்தகையாளர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் ஒட்டுக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் கப்பைப் பார்ப்பார்கள். அமைச்சர் ரோடு போடுகிறவர், சின்ன வேலை யாருக்கு என்ற விதியை எழுதுகிறவர் நிதி அமைச்சில் இருக்கிறார் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன், அது நம்மைப் பற்றியது.

இப்போது பீலிக்கு வருவோம். காகிதத்தில் வேலையின் மதிப்பு 38,000 வெள்ளி. எடுத்தவர் வேறு ஊரில் இருக்கிறார், இந்தப் பள்ளியை அவர் பார்த்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவர் 30,000க்கு ஒரு இடைத்தரகருக்குக் கைமாற்றினார். இடைத்தரகர் நம் இனத்துக்காரர், இதையும் சொல்லிவிட வேண்டும். அவர் 24,500க்கு எங்கள் ஊர் பீலிக்காரரிடம் கொடுத்தார். இதற்குத்தான் 'அலி பாபா' என்று இந்த நாட்டில் பெயர் வைத்திருக்கிறார்கள், அலி என்கிற மலாய்க்காரர் பேரில் எடுப்பது, பாபா என்கிற சீனர் செய்வது. இப்போது பாபாவுக்குக் கீழே ஒரு முனியாண்டியும், முனியாண்டிக்குக் கீழே ஒரு வங்காளதேசத்துப் பையனும் இருக்கிறார்கள் என்பதைத்தான் அந்தப் பெயர் சொல்வதில்லை.

பீலிக்காரர் கணக்கை என்னிடம்தான் எழுதச் சொன்னார். பொருள் 14,000. மூன்று ஆள், 12 நாள், ஆளுக்கு நாளொன்றுக்கு 120 வெள்ளி, அது 4,320. சாரமும் லாரியும் 2,100. மீதி 4,080. இரண்டு வாரத்துக்கு நாலாயிரம் என்றால் மோசமில்லையே என்று தோன்றும். அந்த நாலாயிரம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். கேட்டிருந்த தடிமனில் தகடு வாங்கினால் இன்னும் 2,600 வெள்ளி ஆகும். அவர் ஒரு விரலால் தகட்டைத் தட்டிப் பார்த்து, மெல்லியதை எடுத்து வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. நானும் ரசீதில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். மெல்லிய தகட்டைப் பிடித்துத் தூக்கினாலே வளையும், மூட்டு போடும் இடத்தில் ரிவெட் அடித்தால் கிழியப் பார்க்கும். மூன்று மாதத்தில் அருவி கொட்டியது அங்கேதான்.

அரசாங்கம் 38,000க்குப் பீலி வாங்கியது, பள்ளிக்கூடத்துக்கு வந்தது 24,500க்கான பீலி. நடுவில் போன 13,500 வெள்ளியில், மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே, ஒரு ஆணிகூட வாங்கப்படவில்லை. சிறு வியாபாரிகளுக்கு ஒதுக்குவதே தப்பு என்று நான் சொல்லவில்லை, அந்த பக்சிக் மாதிரி ஆட்களைப் பார்த்த பிறகு சொல்லவும் முடியாது. அவருக்கு விழுந்த அந்த ஒரு வேலையில் மகனைக் கூட்டிக்கொண்டு தானே ஏணியில் ஏறி கிளினிக் கூரையை மாற்றினார். அது இன்னும் ஒழுகவில்லை. ஒதுக்கீடு அவரைத்தான் மனதில் வைத்துப் போட்டது. ஆனால் அந்த மண்டபத்தில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பந்துக்குக் காத்திருந்தவர்களில் எத்தனை பேர் ஏணி ஏறுகிறவர்கள், எத்தனை பேர் காகிதம் விற்கிறவர்கள் என்று பெட்டிக்குத் தெரியாது. காகிதம் விற்கிறவர் ஒவ்வொருவரும் பறிப்பது முதலில் பக்சிக்கின் வாய்ப்பை, அப்புறம்தான் நம்முடையதை.

காசு வருகிற கதை தனி. அரசாங்கத்தின் நிதி ஆணைப்படி பில் வந்த 14 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 14 நாள் எண்ணத் தொடங்குவது முறையான பில் மேசைக்கு வந்த நாளிலிருந்து, கடைசி ஆணி அடித்த நாளிலிருந்து அல்ல. நடுவில் அதிகாரி வந்து பார்க்க வேண்டும், படம் எடுத்து ஒட்ட வேண்டும், வேலை முடிந்ததற்கான கையெழுத்து வேண்டும், கையெழுத்துப் போடுகிறவர் பயிற்சிக்குப் போயிருப்பார். வருஷக் கடைசியில் கணக்கு மூடும் நேரமென்றால் இன்னும் வம்பு. பணம் வந்தாலும் போவது சான்றிதழ்க்காரர் கணக்குக்கு. அங்கிருந்து இடைத்தரகர், அங்கிருந்து பீலிக்காரர், அங்கிருந்து எங்கள் கடன் புத்தகம். இந்தப் பீலி வேலைக்குக் கடைக்குக் காசு வந்து சேர நாலு மாதம் ஆனது. அந்த நாலு மாதமும் அரசாங்க வேலைக்குக் கடன் கொடுத்து நடத்தியது, உண்மையைச் சொன்னால், ஒரு ஹார்ட்வேர் கடை முதலாளி. அவர் அதற்காகவே விலையில் கொஞ்சம் ஏற்றி வைத்திருப்பார், அந்த ஏற்றமும் தகட்டின் தடிமனிலிருந்துதான் கழியும்.

கட்டுமானத் தொழிலில் பணம் கொடுக்காமல் இழுத்தடிப்பவர்களைப் பிடிக்க ஒரு சட்டமே இருக்கிறது, 2012ஆம் ஆண்டின் 746ஆவது சட்டம், 2014 ஏப்ரல் 15 முதல் நடப்பில் இருக்கிறது. வழக்கு மன்றம் போகாமல் நடுவர் முன்னால் சீக்கிரம் தீர்த்துக்கொள்ளலாம். நல்ல சட்டம். ஆனால் எழுத்து மூலமான ஒப்பந்தத்துக்குத்தான் அது செல்லும். பீலிக்காரரிடம் என்ன இருந்தது? "அண்ணே, நாளைக்கு ஆரம்பிச்சிடுங்க" என்று ஒரு வாட்ஸ்அப் குரல் பதிவு. அதைப் பிடித்துக்கொண்டு நடுவரிடம் போகிற ஆள் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. போனால் அடுத்த வேலை வராது என்ற பயம் வேறு.

நம் பள்ளிகளுக்கு இன்னொரு வாசலும் உண்டு. நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பல பகுதி அரசு உதவி பெறுபவை. ஆசிரியர் சம்பளம் அரசாங்கம் கொடுக்கும், நிலம் தோட்டத்துடையதாகவோ வேறு யாருடையதாகவோ இருக்கும், கட்டடத்தைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் பள்ளி வாரியத்தின் தலையில். இப்படிப்பட்ட பள்ளிக்கு மானியம் வாரியத்தின் கணக்குக்கு வந்தால் ஆளைத் தேர்ந்தெடுப்பதிலும் வாரியத்துக்குக் கை இருக்கும். அங்கே ஊர் ஆளுக்கு வேலை கொடுக்கத் தடை இல்லை. ஆனால் என் அனுபவத்தில் இந்த வாசலும் அப்படி ஒன்றும் அகலமானதில்லை. மூன்று விலைச்சீட்டு கேட்பார்கள், மூன்றும் ஒரே ஆள் மூன்று லெட்டர்ஹெட்டில் எழுதியதாக இருக்கும், எழுத்துப் பிழைகூட மூன்றிலும் ஒரே இடத்தில். அப்போது குற்றம் சொல்ல இன்னொரு இனத்துக்காரர் கிடைக்க மாட்டார். 2023இல் நாடு முழுவதும் 8,000க்கும் மேற்பட்ட பள்ளிகளின் கழிவறைகளைச் சீரமைத்தபோது எங்கள் கடையில் டைல்ஸும் பைப்பும் பறந்தன. வாங்க வந்தவர்களில் நம் ஆட்கள் நிறைய. தங்கள் பெயரில் பில் கேட்டவர்கள்தான் குறைவு.

இதுதான் நான் பாக்கி வைத்த காரணம். தோட்டம் தோட்டமாக இருந்த காலத்தில் ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு ஆசாரி, ஒரு பைப் வேலைக்காரர், ஒரு கொத்தனார் இருந்தார்கள். லயத்து வீட்டுக் கூரை, கோயில் கதவு, கிராணி வீட்டுத் தண்ணீர்த் தொட்டி எல்லாம் அவர்கள் கை. துரை சொன்னால் செய்வார்கள், மாதச் சம்பளம். ரசீது எழுதியதில்லை, விலை கேட்டதில்லை, கம்பெனி பெயர் என்று ஒன்று இருந்ததில்லை. தோட்டங்கள் கைமாறி, துண்டாகி, வீடமைப்பானபோது அந்தக் கைகள் பட்டணத்துக்கு வந்தன. தொழில் வந்தது, காகிதம் வரவில்லை. எங்கள் பீலிக்காரரின் அப்பாவும் அப்படி ஒரு தோட்டத்து ஆசாரிதான். அவர் செய்த பலகை நாற்காலி ஒன்றில்தான் நான் இன்றும் கடையில் உட்கார்ந்திருக்கிறேன்.

காகிதம் வாங்குவது அவ்வளவு மலையும் இல்லை. கம்பெனி ஆணையத்தில் சொந்தப் பெயரில் தொழில் பதிய வருஷத்துக்கு 30 வெள்ளி, வேறு பெயரில் என்றால் 60. பரீட்சை எழுதாமல், இத்தனை வருஷம் செய்த வேலையை ஆதாரத்தோடு காட்டி அரசாங்கத் தொழில்திறன் சான்றிதழ் வாங்கவும் வழி இருக்கிறது, முந்தைய அனுபவத்தை அங்கீகரிக்கும் முறை அது. ஜி1 பதிவுக்கு 5,000 வெள்ளி மூலதனம், கட்டுமானத் தளத்துக்குப் போக பச்சை அட்டை. இதெல்லாம் இருந்தாலும் ஒதுக்கப்பட்ட குலுக்கலுக்குள் அவரால் போக முடியாது, உண்மை. ஆனால் பள்ளி வாரியத்தின் வேலை, தனியார் வேலை, கோயில் வேலை, தோட்டக் கம்பெனிகளின் வேலை இவற்றில் தன் பெயரில் பில் போடலாம். தோட்டத் தொழிலாளர் வீடுகளைப் பழுதுபார்க்க வேண்டிய கடமை முதலாளிக்கு உண்டு, 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம் சொல்கிறது. அந்த வேலைக்கு எந்தக் குலுக்கலும் கிடையாது. பீலிக்காரரிடம் இதை மூன்று தடவை சொல்லிவிட்டேன். "பாரத்தை நீயே நிரப்பித் தந்தா பார்க்கலாம் தம்பி" என்கிறார். நிரப்பிக் கொடுத்தேன். கையெழுத்து இன்னும் போடவில்லை.

மற்ற நாடுகள் இதை எப்படிச் செய்கின்றன என்று ஒரு பார்வை பார்த்தால் நம் முறையில் எங்கே ஓட்டை என்பது விளங்கும். அமெரிக்காவில் 1953ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து சிறு நிறுவனங்களுக்கு அரசாங்கக் குத்தகை ஒதுக்குகிறார்கள். மத்திய அரசின் நேரடிக் குத்தகைப் பணத்தில் 23 விழுக்காடு சிறு நிறுவனங்களுக்குப் போக வேண்டும் என்பது இலக்கு. நியாயமான விலையில் செய்யக்கூடிய சிறு நிறுவனங்கள் குறைந்தது இரண்டு வரும் என்று அதிகாரிக்குத் தெரிந்தால் அந்த வேலையை ஒதுக்க வேண்டும். 'இருவர் விதி' என்று சொல்லலாம். இதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று. ஒதுக்கப்பட்ட பொதுக் கட்டட வேலையை எடுத்த சிறு நிறுவனம், பொருள் செலவு போக, கிடைக்கும் பணத்தில் 85 விழுக்காட்டுக்கு மேல் தன் தகுதி இல்லாத வேறு நிறுவனத்துக்குக் கைமாற்றக் கூடாது. பைப், மின்சாரம் மாதிரித் தனித்தொழில் என்றால் 75க்கு மேல் கூடாது. பின்தங்கிய வட்டாரங்களுக்கு என்று ஒரு தனித் திட்டம் வேறு: அதில் சேர வேண்டுமென்றால் நிறுவனத்தின் ஊழியர்களில் 35 விழுக்காடாவது அப்படிப்பட்ட வட்டாரங்களில் குடியிருக்க வேண்டும். அங்கேயும் பினாமி இருக்கிறது, பிடிபட்டுச் சிறைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அளவுகோல் என்னவென்று பாருங்கள், யார் எடுத்தார் என்பதோடு நிற்காமல் எவ்வளவைத் தானே செய்தார், வேலை செய்கிறவர் எங்கே குடியிருக்கிறார் என்றும் கேட்கிறார்கள்.

இந்தியாவிலும் உண்டு. 2012 கொள்கைப்படி மத்திய அரசு நிறுவனங்கள் தங்கள் கொள்முதலில் 20 விழுக்காட்டைச் சிறு, குறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும், 2018இல் அது 25 ஆனது. 358 பொருள்களை அவர்களிடம் மட்டுமே வாங்க வேண்டும். ஆனால் கட்டட வேலைக் குத்தகை இதில் சேராது, பொருளும் சேவையும்தான். ஊர்க் கொத்தனாருக்கு அங்கேயும் அதே கதைதான் போலிருக்கிறது.

நம் நாட்டிலும் வேலையை அப்படியே விற்கக் கூடாது என்று விதி இருக்கிறது. பிடிபட்டால் பெயரைக் கறுப்புப் பட்டியலில் போடலாம். ஆனால் பிடிக்க வேண்டுமென்றால் தளத்துக்கு வந்து, ஏணியில் நிற்பவரிடம் "நீ யார், உனக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்" என்று கேட்க வேண்டும். முப்பதாயிரம் வெள்ளி வேலைக்கு யார் வந்து கேட்கப் போகிறார்கள்? பொருள் வாங்கிய ரசீது யார் பெயரில் இருக்கிறது என்று பில்லோடு சேர்த்துக் காட்டச் சொன்னாலே பாதி விஷயம் வெளியே வந்துவிடும். இது என் சொந்த யோசனை, ரசீது எழுதுகிறவனுக்கு ரசீதுதான் தோன்றும்.

2025 ஆகஸ்டில் அரசாங்கக் கொள்முதல் சட்டம் மக்களவையில் நிறைவேறியது. இத்தனை காலம் சுற்றறிக்கையில் ஓடிய விஷயத்துக்கு முதல்முறையாகச் சட்டம். முடிவில் குறை இருந்தால் மறுஆய்வுக் குழுவுக்கும், அதற்கு மேல் தீர்ப்பாயத்துக்கும் போகலாம். அமைச்சரிடம் அதிகாரம் அதிகமாகக் குவிகிறது என்று எதிர்ப்பும் எழுந்தது. எனக்கு உடனே தோன்றியது வேறு. மறுஆய்வுக்குப் போகிறவர் வேலைக்கு விண்ணப்பித்தவராக இருக்க வேண்டும். பீலிக்காரர் எதற்கும் விண்ணப்பித்ததே இல்லை.

போன செவ்வாய்க்கிழமை நல்ல மழை. சாயங்காலம் கடை மூடும் நேரத்தில் அவர் நனைந்துகொண்டே வந்தார், இரண்டு சிலிக்கான் டியூப், ஒரு பாக்கெட் ரிவெட், அரை மீட்டர் தகடு. தடிமனான தகடு. எந்த வேலைக்கு என்று கேட்டேன். பள்ளிக்கூடம் என்றார், பேத்தி அந்த வகுப்பில்தான் இருக்கிறாளாம். யார் பெயரில் எழுதட்டும் என்று கேட்டதற்கு, முதல் தடவையாக, "என் பேர்லயே எழுது" என்றார். 46 வெள்ளி. எழுதி வைத்திருக்கிறேன்.